இந்திராணி வாசலில் இன்றைய டாலர்

டாலரின் விலையைத் தினமும் காலை பத்து மணிக்கு மாற்றுகிறவள் நான்தான். சொல்லும்போது பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் விஷயம் இவ்வளவுதான்: டில்லியில் ஒரு பெரிய வங்கிக் கிளை, அதில் அந்நியச் செலாவணிப் பிரிவு, அதன் கவுன்ட்டருக்கு மேலே ஒரு கறுப்புப் பலகை. பம்பாயிலிருந்து டெலக்ஸில் அன்றைய விலை வரும். ஒரு டாலருக்கு எத்தனை ரூபாய், ஒரு பவுண்டுக்கு எத்தனை என்று. நான் ஸ்டூலில் ஏறி நின்று வெள்ளை பிளாஸ்டிக் எண்களை அதில் செருகுவேன். ஒன்பது வருஷமாக இதைச் செய்தும், அந்த எண்களுக்கும் என் வீட்டு ரசத்துக்கும் ஏதாவது உறவு இருக்கும் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை. அது விமானம் ஏறுகிறவர்களின் சமாசாரம் என்று இருந்துவிட்டேன்.

1985 மார்ச்சில் அந்த நினைப்பு போயிற்று. போகடித்தவள் இந்திராணி.

கரோல் பாகில் நாங்கள் மாடியில் குடியிருந்தோம். கீழே, தெருவைப் பார்த்த ஓர் அறையும் ஒரு சமையலறையும் இந்திராணிக்கும் அவள் புருஷன் ரத்தினவேலுக்கும். மாயவரம் பக்கத்துக்காரர்கள். ரத்தினவேல் வேலை பார்த்த துணி மில் மூடி இரண்டு வருஷமாகியிருந்தது. இந்திராணி பெருங்காயத்தூள் செய்து விற்றாள். பழைய டில்லியின் மசாலாச் சந்தையான காரி பாவ்லியில் ஒரு லாலாவின் மொத்தக் கடையில் கட்டிப் பெருங்காயம் வாங்கி வந்து, கோந்தும் மாவும் சேர்த்துப் பிசைந்து, காயவைத்து, இடித்து, நூறு கிராம் டப்பாக்களில் அடைப்பாள். ரத்தினவேல் சைக்கிளில் வைத்துக்கொண்டு கரோல் பாக், மந்திர் மார்க், ஜனக்புரி என்று தமிழ்க் குடும்பங்களுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பார். மாதம் முந்நூறு டப்பா. வாடகை, சாப்பாடு, மகள் செல்வியின் படிப்பு எல்லாம் அதில்தான்.

அந்த வியாபாரம் படுத்தால் ஊருக்குத் திரும்ப வேண்டியதுதான். ஊரில் அவளுடைய மச்சாண்டார், அதாவது ரத்தினவேலின் அண்ணன், வீடு இருந்தது.

"போனா சோறு போடுவாங்கக்கா. போடற ஒவ்வொரு கரண்டிக்கும் என் மூஞ்சியப் பாத்துப் பாத்துப் போடுவாங்க. டில்லி வெயில்ல வெந்து போனாலும் சரி, அந்தச் சோறு எனக்கு வேண்டாம்" என்பாள் இந்திராணி.

மார்ச் மாதம் ஒரு நாள் மாலை நான் செருப்பைக்கூடக் கழற்றவில்லை, அவள் ஒரு பில்லை நீட்டிக்கொண்டு மாடியேறி வந்தாள். கிலோ நானூறு ரூபாய்க்குக் கொடுத்துக்கொண்டிருந்த கட்டிப் பெருங்காயத்தை லாலா நானூற்றைம்பது ஆக்கிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு பில்லின் மூலையில் தன் கையாலேயே எழுதிக் கொடுத்திருக்கிறார்: டாலர் 12.80.

"இது என்னக்கா? நீங்க பாங்க்ல எழுதறீங்களே, அந்த டாலரா? அதுக்கும் பெருங்காயத்துக்கும் என்ன சம்பந்தம்?"

நான் உற்சாகமாகிவிட்டேன். ஒன்பது வருஷத்தில் முதல்முறையாக ஒருத்தி என் வேலையைப் பற்றிக் கேட்கிறாள். பெருங்காயம் ஈரானிலிருந்து வருகிறது, ஈரான்காரன் நம் ரூபாயை வாங்கமாட்டான், டாலராகக் கொடு என்பான் என்றேன். லாலா வங்கியில் ரூபாயைக் கட்டி டாலரை வாங்கித்தான் அனுப்ப வேண்டும். போன ஆகஸ்டில் ஒரு டாலர் வாங்கப் பதினொன்று அறுபது போதும். இப்போது பன்னிரண்டு எண்பது வேண்டும். அங்கே விலை ஒரு பைசா ஏறாவிட்டாலும் இங்கே வந்து சேரும்போது ஏறித்தான் இருக்கும்.

"அப்ப பெருங்காயம் ஏறல. நம்ம ரூபாதான் இளைச்சுப் போச்சு."

"அதேதான்."

"லாலா சொல்றது நிஜம்தானா?"

"நிஜம்தான். கணக்கு ஏறக்குறைய சரியா இருக்கு" என்றேன். கணக்கு சரியாக இருந்ததால் ஆளும் சரியாக இருப்பான் என்று எடுத்துக்கொண்டது என்னுடைய முட்டாள்தனம்.

இந்திராணி ஒன்பது ரூபாய் டப்பாவை ஒன்பதரை ஆக்கினாள். வந்தது வினை. எங்கள் ஜனங்களுக்குப் பஞ்சப்படி ஏறுவதற்குள் விலைவாசி நாலு தடவை ஏறிவிடும். அந்த எரிச்சலை எல்லாம் யார் தலையிலாவது கொட்ட வேண்டும். அடுத்த தெரு ருக்மிணி மாமி வாசலிலேயே நிறுத்திக் கேட்டாள். அவள் வீட்டுக்காரர் செக்ரடேரியட்டில் செக்‌ஷன் ஆபீசர்.

"ஏண்டிம்மா இந்திராணி, அரை ரூபா ஏத்தியிருக்கியே, பெருங்காயத்துல என்ன, தங்க பஸ்மம் கலக்கறியா?"

"டாலர் ஏறிடுச்சு மாமி."

"டாலர் ஏறினா அமெரிக்காக்காரி கவலைப்படட்டும். நான் ஏன் படணும்?"

அந்த வாரம் ரத்தினவேலின் சைக்கிளில் நாற்பது டப்பாக்கள் திரும்பி வந்தன. அடுத்த வாரம் அறுபது. இந்திராணி அவற்றை அடுக்கி வைத்துவிட்டுச் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

யோசனை சொன்னது நான்தான். அரசாங்க உத்தியோகஸ்தர் குடும்பங்களுக்கு வாயால் சொன்னால் எதுவும் ஏறாது. பலகையில் எழுதி மாட்டினால் அதுவே சட்டம். செல்வியின் பழைய கரும்பலகை ஒன்றை வாசலில் மாட்டினோம். தினமும் வங்கியிலிருந்து வந்ததும் நான் சாக்பீஸால் எழுதுவேன். இன்றைய டாலர்: ரூ. 12.80. டப்பா: ரூ. 9.50. கீழே ஒரு வரி சேர்த்தால் எடுப்பாக இருக்கும் என்று தோன்றியது. 'டாலர் ஏறினால் ஏறும், இறங்கினால் இறங்கும்' என்று எழுதினேன். எழுதும்போது அழகாக இருந்தது. அதற்கு மேல் நான் எதுவும் யோசிக்கவில்லை.

பலகை வேலை செய்தது. ருக்மிணி மாமி மூக்குக்கண்ணாடியை ஏற்றி இறக்கி இரண்டு தரம் படித்துவிட்டு, "அச்சா, இப்படின்னா சொல்லணும்" என்று ஒன்பதரை ரூபாயை எண்ணிக் கொடுத்தாள். திரும்பி வந்திருந்த நூறு டப்பாக்களும் மூன்று வாரத்தில் வந்த வழியே போய் விற்றன. பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிற ஆண்கள் பலகை முன்னால் நின்று படித்துவிட்டுத் தலையாட்டிக்கொண்டு போனார்கள். தெருவில் எங்கள் பெண்கள் ஒருத்தியை ஒருத்தி பார்த்தால் குழந்தையின் ஜுரத்தைக் கேட்பதற்கு முன்னால் டாலரைக் கேட்டார்கள்.

ஜூலையில் டாலர் இறங்க ஆரம்பித்தது. ஆகஸ்ட் நடுவில் பதினொன்று தொண்ணூறுக்கு வந்துவிட்டது. நான் சந்தோஷமாகத்தான் எண்ணைச் செருகினேன். வீட்டுக்கு வந்து பலகையிலும் சந்தோஷமாகத்தான் எழுதினேன். ருக்மிணி மாமி பின்னாலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"இறங்கிடுத்தே! டப்பா மட்டும் ஏன் ஒம்பதரையிலயே உக்காந்திண்டிருக்கு?"

மறுநாள் இந்திராணி காரி பாவ்லி போனாள். சாயங்காலம் முகம் சிவந்து திரும்பினாள்.

"கொறைக்க மாட்டாராம். 'பெஹன்ஜி, மால் புரானா ஹை'ங்கறாரு. டாலர் ஏறியிருந்தப்ப வாங்கின பழைய சரக்காம். புதுசு வரட்டும், பாக்கலாம்ங்கறாரு."

எனக்கும் கோபம் வந்தது. ஆனால் நான் மாதச் சம்பளக்காரி. எங்கள் கோபத்துக்கு உடனே ஒரு குறுக்கு வழி தோன்றிவிடும்.

"இந்திராணி, பேசாம பலகையைக் கழட்டி உள்ள வச்சுடு. மழைல நனையுதுன்னு சொல்லிக்கலாம். நாலு நாள்ல மறந்துடுவாங்க" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

"ஏறும்போது வெளியில தொங்கின பலகை எறங்கும்போது உள்ள போகணுமா? அப்புறம் லாலாவுக்கும் எனக்கும் என்னக்கா வித்தியாசம்? அவரு மெத்தையில உக்காந்திருக்காரு, நான் பாயில உக்காந்திருக்கேன், அவ்வளவுதானா?"

சாக்பீஸை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். கணக்கு என்ன வருகிறது என்று கேட்டாள். இன்றைய டாலர்படி சரக்கு நானூற்றிப் பத்துக்குக் கிடைத்திருந்தால் டப்பா ஒன்பது ரூபாய் பத்து பைசா என்றேன். ஒன்பதரையை அழித்துவிட்டு 9.10 என்று பெரிதாக எழுதினாள். அவள் வாங்கி வைத்திருந்ததோ நானூற்றைம்பது ரூபாய்ச் சரக்கு. டப்பாவுக்கு நாற்பது பைசா நஷ்டம். மாதத்துக்கு நூற்றிருபது ரூபாய்.

ரத்தினவேல் சத்தம் போடுகிற மனிதர் அல்ல. மூன்றாம் நாள் அண்ணனுக்கு ஓர் இன்லண்ட் லெட்டர் எழுதினார். தீபாவளிக்குப் பிறகு குடும்பத்தோடு வந்துவிடுவதாக. இந்திராணி அதைப் படித்துவிட்டு நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டாள்.

"நஷ்டப்பட்டே எத்தனை நாளைக்கு ஓட்டுவே?" என்று கேட்டார் அவர்.

"லாலாவ எறக்கற வரைக்கும்" என்றாள்.

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் அவள் சமையலறையில் டீ குடித்துக்கொண்டிருந்தேன். சரக்கு வந்த தகரப் பெட்டிகளை அவள் தூக்கிப் போடமாட்டாள். மார்ச்சிலிருந்து வாங்கிய நான்கு பெட்டிகளையும் பக்கத்துக்கு இரண்டாக அடுக்கி, மேலே பலகை போட்டு பெஞ்சாக்கியிருந்தாள். அதில்தான் உட்கார்ந்திருந்தேன். டம்ளரைக் கீழே வைக்கக் குனிந்தபோது பெட்டியின் பக்கவாட்டில் மசியால் அச்சடித்த எழுத்து கண்ணில் பட்டது. பம்பாய், 8/84.

எழுந்து மற்ற பெட்டிகளைப் பார்த்தேன். நான்கிலும் அதே முத்திரை.

"இந்திராணி, மார்ச்ல வாங்கின பெட்டி எது?"

"எல்லாம் ஒண்ணாத்தான்க்கா இருக்கு. ஏன்?"

நான் சொன்னதும் அவளுக்குப் புரிய அரை நிமிஷம்கூட ஆகவில்லை. எல்லாச் சரக்கும் போன ஆகஸ்டிலேயே பம்பாயில் வந்து இறங்கியிருக்கிறது. மறுநாள் வங்கியில் பழைய கோப்பை எடுத்துச் சரிபார்த்தேன். அந்த மாதம் டாலர் பதினொன்று அறுபது. அந்த மலிவு விலையில் வாங்கிக் கிடங்கில் வைத்திருந்த சரக்குக்குத்தான் மார்ச்சில், 'இன்றைய டாலர் பன்னிரண்டு எண்பது' என்று எழுதிக் கொடுத்து விலையை ஏற்றியிருக்கிறார். இப்போது டாலர் இறங்கியதும் அதே சரக்கைக் காட்டி, ஏறியிருந்தபோது வாங்கியது என்கிறார். ஏறும்போது இன்றைய விலை, இறங்கும்போது பழைய சரக்கு. எந்தப் பக்கம் புரட்டினாலும் லாலாவுக்குத்தான் லாபம்.

"சனிக்கிழமை உங்களுக்கு அரை நாள்தானே? வாங்க" என்றாள் இந்திராணி.

சனிக்கிழமை மதியம் ஒரு சைக்கிள் ரிக்‌ஷாவில் நாங்கள் இருவரும், மடியில் ஒரு தகரப் பெட்டியும், காலுக்கடியில் வாசல் பலகையுமாகக் காரி பாவ்லி போய் இறங்கினோம். மிளகாய் நெடியில் நான் நாலு தும்மல் போட்டேன். இந்திராணிக்கு ஒன்றும் ஆகவில்லை.

லாலா வெள்ளை மெத்தையில் சாய்ந்திருந்தார். பக்கத்தில் கணக்குப்பிள்ளை. "ஆவோ பெஹன்ஜி, பைட்டோ" என்று மரியாதையாகத்தான் வரவேற்றார். பேச்சு முழுக்க ஹிந்தியில்தான் நடந்தது. எங்கள் பாஷையில் சொல்கிறேன். இந்திராணியின் ஹிந்தி பத்து வருஷம் காய்கறிக்காரர்களோடு பேரம் பேசிப் படித்தது. அழகு கிடையாது, ஆனால் எங்கேயும் தடுக்கி விழாது.

அவள் பெட்டியை அவர் முன்னால் வைத்தாள். முத்திரையைக் காட்டினாள். மார்ச் மாத பில்லை மேலே வைத்தாள்.

"லாலாஜி, இது போன வருஷம் ஆகஸ்ட்ல வந்த மால். அன்னிக்கு டாலர் பதினொண்ணு அறுபது. மார்ச்ல எனக்கு எந்த டாலரச் சொல்லி வித்தீங்க?"

லாலா பெட்டியைப் பார்த்தார், பில்லைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"பெஹன்ஜி, இது பாங்க் இல்லை, வியாபாரம். பிடித்தால் வாங்குங்கள். பிடிக்காவிட்டால் பஜார் பெரியது."

கணக்குப்பிள்ளையும் சிரித்தார். இந்திராணி பெட்டியைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள். சரி, வந்த வழியே போகப்போகிறோம் என்று நானும் எழுந்தேன். அவளோ கடைப்படியின் ஓரத்தில், தெருவைப் பார்க்கப் பெட்டியை வைத்து, அதன்மேல் பலகையைச் சாய்த்து வைத்தாள். பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, ஹிந்தில எழுதுங்க. பெருசா எழுதுங்க."

வங்கியில் ஹிந்திப் பரீட்சை பாஸ் செய்ததற்கு எனக்கு ஓர் இன்கிரிமென்ட் கொடுத்திருந்தார்கள். அந்தப் படிப்பு அன்றைக்குத்தான் முதல்முறையாகப் பிரயோஜனப்பட்டது. மால் வந்தது ஆகஸ்ட் 84, டாலர் 11.60. மார்ச்: டாலர் 12.80, விலை 450. இன்று: டாலர் 11.90, விலை 450. லாலா கைப்பட எழுதிய பில்லைப் பலகையின் ஆணியில் குத்தினேன். நான் ஓர் அரசு வங்கி ஊழியை. தெருவில் உட்கார்ந்து இதைச் செய்கிறேன் என்று மேலதிகாரிக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று ஒரு பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

முதலில் மூட்டை தூக்குகிறவர்கள் நின்றார்கள். பிறகு சரக்கு வாங்க வந்தவர்கள். மீரட்டிலிருந்து வந்திருந்த மசாலாக்காரர் ஒருவர் வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டுத் தன் பையிலிருந்த பில்லை எடுத்துப் பார்த்தார். அதன் மூலையிலும் அதே கையெழுத்தில் டாலர் இருந்தது. அவர் பக்கத்தில் நின்றவரிடம் காட்டினார். கூட்டம் தெருவை அடைத்தது, கைவண்டிக்காரர்கள் கத்தினார்கள்.

கணக்குப்பிள்ளை ஓடி வந்தார். "எடுங்கள் இதை!"

"தெரு உங்கப்பாவுதா?" என்றாள் இந்திராணி. "நான் மால் வாங்க வரல. கணக்குப் படிக்க வந்திருக்கேன். நீங்களும் படிங்க."

ஐந்து நிமிஷம் கழித்து லாலாவே வாசலுக்கு வந்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "உள்ளே வாருங்கள் பெஹன்ஜி. உங்களுக்கு மட்டும் நானூற்றிப் பத்து. டீ சாப்பிடுங்கள். வெளியே யாருக்கும் தெரிய வேண்டாம்."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நான் எழுந்தே விட்டேன். நானூற்றிப் பத்து, அதுதானே எங்கள் கணக்கு! இந்திராணி என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

"உக்காருங்கக்கா." பிறகு எல்லோருக்கும் கேட்கும்படி, "உள்ள வேண்டாம் லாலாஜி. எனக்கு மட்டும்னு வேண்டாம். இங்கயே, இந்தப் பலகையில, உங்க கையால எழுதுங்க" என்றாள்.

எனக்கு உயிரே போய்விட்டது. இந்த மனிதர் இனிமேல் உனக்குச் சரக்கே இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்தத் தெருவில் இருக்கிறவர்கள் அத்தனை பேரும் ஒருவருக்கொருவர் மாமன் மச்சான். இந்திராணிக்கு ஒரு பெட்டி கொடுக்க ஆள் இருக்காது. அப்புறம் மாயவரமும் மச்சாண்டார் வீட்டுக் கரண்டியும்தான். அது அவளுக்கும் தெரியும். நெற்றியில் வியர்வை கோடாக இறங்கியது. துடைக்காமல் சாக்பீஸை நீட்டிக்கொண்டே இருந்தாள்.

"லிக் தோ, எழுதிவிடுங்கள் லாலாஜி. இல்லாவிட்டால் எங்களுக்கும் ஒரு பதில் சொல்லுங்கள்" என்றார் மீரட்காரர்.

லாலா கூட்டத்தைப் பார்த்தார். மீரட்காரர் வாங்குவது மாதத்துக்கு இருபது பெட்டி என்று பிறகுதான் தெரிந்தது. படியிறங்கி வந்து சாக்பீஸை வாங்கினார். கடைசி வரியிலிருந்த 450ஐ அடித்துவிட்டு 420 என்று எழுதினார்.

தெருவே சிரித்தது. "சார் சௌ பீஸ்!" என்று ஒரு மூட்டைக்காரன் கத்தினான். ஏமாற்றுக்காரனுக்கு இந்த தேசம் முழுக்க வைத்திருக்கிற நம்பரைத் தன் கடை வாசலில் தன் கையாலேயே எழுதிவிட்டார் மனுஷர். காது வரைக்கும் சிவந்துபோய், உள்ளங்கையால் அழித்துவிட்டு 410 என்று எழுதினார்.

"ஒரு பெட்டி குடுங்க" என்றாள் இந்திராணி. "பில்லுல இன்னைய டாலர் எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தார். அன்று மாலை ரத்தினவேல் அந்த பில்லை மூன்று தரம் படித்தார். அதற்குப் பிறகு அவர் இன்லண்ட் லெட்டர் வாங்கியதாக எனக்குத் தெரியவில்லை. ருக்மிணி மாமி கதையை முழுக்கக் கேட்டுவிட்டு, நேரே மளிகைக் கடைக்குப் போய், "பையா, பாமாயில் வெளிநாட்டுலேர்ந்துதானே வரது? டாலர் இறங்கிடுத்து, நீ எப்போ இறங்கப்போறே?" என்று கேட்டதாகக் கடைக்காரனே என்னிடம் வந்து புலம்பினான்.

அக்டோபரில் டாலர் மறுபடி பன்னிரண்டு பத்துக்கு ஏறியது. நான் பலகை முன்னால் தயங்கி நின்றேன். இவ்வளவு பாடுபட்டு இறக்கியாயிற்று, கொஞ்ச நாள் அப்படியே இருக்கட்டுமே என்று ஓர் ஆசை. "எழுதுங்கக்கா. ஏறுச்சுன்னா ஏறுச்சுதான்" என்றாள் இந்திராணி. ஒன்பது பத்து, ஒன்பது பதினைந்தாயிற்று. மாமி ஐந்து பைசா நாணயத்தைத் தேடி எடுத்து மேலே வைத்தாள்.

நவம்பரில் அடுத்த பெட்டி வாங்க நானும் கூடப் போனேன். லாலா கடையில், அவர் தலைக்கு மேலே, புதிதாக ஒரு பலகை தொங்கியது. வழவழவென்ற பெயின்ட், மேலே பூ வேலை. ஆஜ் கா டாலர், அதாவது இன்றைய டாலர்; எண் மட்டும் சாக்பீஸில், 12.40. லாலா என்னைப் பார்த்து, எப்படி என்பதுபோலப் புருவத்தைத் தூக்கினார்.

இந்திராணி என் பக்கம் திரும்பினாள். "இன்னிக்கு எவ்வளவுக்கா?"

"பன்னிரண்டு பத்து" என்றேன்.

அவள் செருப்பை விட்டுவிட்டு அவருடைய வெள்ளை மெத்தையின் மேல் ஏறி நின்றாள். புடவைத் தலைப்பால் நாற்பதை அழித்தாள். இடுப்பு முடிச்சிலிருந்து சாக்பீஸை எடுத்துப் பத்து என்று எழுதினாள். கீழே இறங்கி, சாக்பீஸை மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"ஒரு பெட்டி குடுங்க லாலாஜி" என்றாள்.

லாலா பலகையை நிமிர்ந்து பார்த்தார். பிறகு பில் புத்தகத்தை எடுத்தார்.